வியாழக்கிழமைத் தண்ணீர்

— ஓட்டை இல்லை, உம்மு ஹதீல். மாடித் தொட்டியைச் சுத்திக் கையால தடவிப் பார்த்துட்டேன். முன்பக்கம் பூரா காய்ஞ்சு கிடக்கு.

— அப்ப என் தண்ணி எங்கதான் போகுது, ரிஹாப்? ஒரு வியாழக்கிழமை வர்ற தண்ணி அடுத்த வியாழன் வரைக்கும் நிக்கணும். மாசக்கணக்கா ஞாயித்துக்கிழமையே தொட்டி வறண்டு போகுது. வீட்டுல இருக்கறது மூணே பேர். அதுல ஒருத்தர் ஒரு வருஷமாக் கட்டிலை விட்டு எறங்கலை.

— உங்க வீட்டுக்காரர் அபு ஹதீலுக்கு இப்ப எப்படி இருக்கு? பேச்சு வந்துச்சா?

— எங்க வந்துச்சு. கண்ணாலதான் பேசுறாரு. எல்லாம் படுக்கையிலயே போயிடுது, ஒரு நாளைக்கு ரெண்டு விரிப்பு மாத்தணும். இன்னிக்கு உனக்காகத்தான் தையல் ஃபேக்டரிக்கு லீவு போட்டேன். எழுந்து நிக்க ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள்ள ஆம்பிளை பிளம்பரை எப்படி விடுறது? நீ இந்தத் தொழிலைக் கத்துக்கிட்டதால இந்தத் தெருப் பொம்பளைங்க பொழைச்சோம்.

— பொறுங்க, பின்பக்கமும் பார்த்துடறேன்.

— பார்க்கவே வேண்டாம். யாருன்னு எனக்குத் தெரியும். கீழ சாமான் ரூம்ல குடியிருக்காளே, சிரியாவுல இருந்து வந்தவ, விஜ்தான். அவளுக்கு மீட்டர் உண்டா, தொட்டி உண்டா? ஆனா அவ முற்றத்துத் துணிக்கொடி தினம் நிறைஞ்சு கிடக்காம். நான் காலையில ஆறு மணிக்குப் போயி இருட்டினப்புறம் வர்றவ, எனக்கென்ன தெரியும்? எதுத்த வீட்டுக்காரி பார்த்துட்டுச் சொன்னா. மூணு குழந்தைங்க உடுத்துற துணியா அவ்வளவும்னு கேட்டா.

— இதை வச்சுத்தான் நாளைக்குத் தண்ணிக் குழுக் கூட்டத்துல அவ பேரை வாசிக்கப் போறீங்களா?

— ஆமா. பன்னண்டு கையெழுத்து வாங்கிட்டேன், தாள் இதோ பையிலயே இருக்கு. தண்ணி திருடினவ பேரைப் பள்ளிவாசல் கூடத்துல எல்லார் முன்னாடியும் வாசிக்கணும், ரூமைக் காலி பண்ணச் சொல்லி வீட்டு ஓனருக்கு எழுதணும். அந்த விதியை எழுதினதே நான்தானே.

— எழுதினப்பவே வேண்டாம்னு சொன்னேன். இந்தக் குழுவை எதுக்கு ஆரம்பிச்சோம்? இதே அம்மான் நகரத்துலதான் எதிர்மலையும் இருக்கு. அங்க வாரத்துக்கு மூணு நாள் தண்ணி, நமக்கு மட்டும் ஒரு நாள், ஏன்னு கேட்கத்தானே? ஒரே ஒரு தடவை தண்ணி ஆபீசுக்குப் போனோம். உட்கார வச்சு டீ குடுத்து அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் நாம ஒருத்தர் மாடியை ஒருத்தர் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சுட்டோம்.

— எதிர்மலை ஹோட்டல்ல நீரூற்று பொங்குறது இங்க நின்னாலே தெரியுது, பாரு. வயிறு எரியுது. ஆனா அதை நான் போயி மூட முடியுமா? இவ குழாயை என்னால மூட முடியும்.

— நல்லாச் சொன்னீங்க. எனக்கு வருத்தமே அதுதான்... இந்தப் பழைய கார்ப்பெட் யாரோடது? தொட்டிக்குப் பின்னால கிடக்கே.

— எங்களுதுதான். கிழிஞ்சு போச்சுன்னு எம்பொண்ணு ஹதீல் கொண்டுவந்து போட்டா. விடு அதை.

— அடியெல்லாம் ஈரம், உம்மு ஹதீல். மழை பெய்ஞ்சு மூணு மாசம் ஆகுது. அந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க.

— யா ரப்பி. என்ன இது?

— குழாய். உங்க தொட்டி அடியில இருந்து ஒரு இணைப்பு எடுத்து, பின்சுவரோட ஒட்டி இறக்கியிருக்காங்க. நேராக் கீழ போகுது.

— கீழ யாரு இருக்கா? நான் சொன்னேனா இல்லையா? அவருக்கு உடம்பு துடைக்கக்கூடத் தண்ணியை எண்ணி எண்ணி ஊத்துறேன் நான், அவ குளுகுளுன்னு புழங்கியிருக்கா. அறுத்து வீசு, ரிஹாப்.

— பொறுங்க. அறுக்கிறதுக்கு முன்னால இதைப் பாருங்க. மரையில சுத்தியிருக்கிற வெள்ளை டேப். திருகுற பக்கமாச் சுத்துங்க, திருகுற பக்கமாச் சுத்துங்கன்னு நம்ம தெருப் பொம்பளைங்களுக்கு நான் நடத்தின குழாய் வகுப்புல தொண்டை தண்ணி வத்தக் கத்தினேன். இது எதிர்ப்பக்கம் சுத்தினது. திருகும்போதே பிரிஞ்சு வந்துடும். உங்க தண்ணியில பாதி கீழ போகவே இல்லை, இங்கயே ஒழுகிப் போயிருக்கு. மத்தபடி வேலை சுத்தம். நுனியைக் கட்டைவிரலால அழுத்தி மடிச்சு விட்டிருக்கு பாருங்க, அது நான் சொல்லிக் குடுத்தது.

— அப்ப உங்கிட்டயே கத்துக்கிட்டு எங்கிட்டயே திருடியிருக்கா.

— விஜ்தான் வகுப்புக்கு வரவே இல்லையே. கூடத்து வாசல்ல நின்னு, மீட்டர் இல்லாதவளுக்கு இங்க என்ன வேலைன்னு திருப்பி அனுப்பினது நீங்கதான். அந்தச் சின்னக் குழந்தையைத் தூக்கிட்டு அத்தனை படியும் ஏறி வந்திருந்தா.

— சரி, அனுப்பினேன். அதுக்கென்ன இப்ப? வேற எவளோ அவளுக்குப் போட்டுக் குடுத்திருக்கா. பேரைச் சொல்லு, அந்தப் பேரையும் சேர்த்து வாசிக்கிறேன்.

— பதினாலு பேர் படிச்சாங்க. அதுல டேப்பை எதிர்ப்பக்கம் சுத்துறவ ஒருத்திதான். இடதுகைப் பழக்கம். எத்தனை தடவை பிடிச்சுத் திருத்தினாலும் அந்தக் கை அங்கயேதான் போகும்.

— யாருன்னுதான் கேட்கிறேன்.

— நீங்க முதல் நாள் மட்டும்தான் வந்தீங்க. அப்புறம் ஷிஃப்ட்னு சொல்லி உங்களுக்குப் பதிலா யாரை அனுப்பினீங்க?

— எம்பொண்ணைத்தான். அதுக்கென்ன?

— நான் பேர் சொல்லலை. உங்களுக்கே தெரியும்.

— ஹதீல் செய்ய மாட்டா. இப்பகூட டியூஷனுக்குத்தான் போயிருக்கா. பரீட்சையைத் தவிர அவளுக்கு வேற நினைப்பே இல்லை. அந்த விஜ்தான் முகத்தைக்கூடப் பார்க்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன். என் பேச்சை மீற மாட்டா.

— தினம் அந்த ரெண்டு விரிப்பையும் யாரு துவைக்கிறா?

— அவதான். நான் வர்றப்ப மடிச்சு வச்சிருப்பா, சோப்பு மணக்கும். குழுவுல நான் சொல்லலையா, எம்பொண்ணு ஒரு வாளித் தண்ணியில விரிப்பை வெளுத்துடுவா, அவளைப் பார்த்துக் கத்துக்கோங்கன்னு? நீகூடக் கை தட்டினியே.

— தட்டினேன். ஒரு வாளியில அது வெளுக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்க முகத்துல இருந்த பெருமையைக் கெடுக்க மனசு வரலை. முதல்ல இருந்தே அவதான் துவைச்சாளா?

— முதல் மாசம் முடியலைன்னா. அப்பாவோட அழுக்கைத் தொட முடியலைம்மான்னு வாந்தி எடுத்தா, அழுதா. நான் பதினோரு மணி நேரம் மெஷின்ல உட்கார்ந்துட்டு வந்திருந்தேன். அறைஞ்சுட்டேன், ரிஹாப். உன்னைத் தூக்கி வளர்த்தவர்டின்னு அறைஞ்சேன். அடுத்த வாரமே சரியாயிட்டா. பெரிய மனுஷி ஆயிட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

— அதுக்கப்புறம்தான் தொட்டி வத்த ஆரம்பிச்சுதா?

— கொஞ்ச நாள்ல... தெரியலை. இருக்கலாம். எதுக்குக் கேட்கிற?

— மொத்தம் எத்தனை விரிப்பு வச்சிருக்கீங்க?

— நாலு. ஃபேக்டரியில மிஞ்சின துணியில நானே தைச்சது. யூனிஃபார்ம் பச்சைத் துணியில கரை வச்சேன், அவருக்குப் பச்சை பிடிக்கும்னு.

— இப்படி வாங்க, சுவரைப் பிடிச்சுக்கோங்க. பகல்ல இந்த மாடியில நின்னு எத்தனை நாளாச்சு?

— வேலைக்குப் போனதுல இருந்து நின்னதே இல்லை. அங்க என்ன இருக்கு?

— விஜ்தானோட முற்றம். கொடியைப் பாருங்க.

— பச்சைக் கரை வச்ச விரிப்பு... இவளா துவைக்கிறா?

— துவைக்கிற கூலிதான் இந்தத் தண்ணி. குழாயை அறுக்கணுமா, டேப்பை நேராச் சுத்தணுமான்னு நீங்க சொல்லுங்க. நாளைக்கு யார் பேரை வாசிப்பீங்கன்னும் சொல்லுங்க.

— நாலுல ஒண்ணு இப்ப அவருக்கு அடியில விரிச்சிருக்கு, ரிஹாப். மிச்சம் மூணும் அவ கொடியில காயுது.