அழுத்தமானிப் பதிவேட்டைத் திறந்து காட்டியவருக்கு

கருவி காட்டியதைக் காட்டியவாறே எழுதிய கண்ணியமே! கதவுகள் இரண்டும் பூட்டிய பின்னும் கண்ணயராத காவலே! எங்கள் வைரஸ் ஆய்வகத்தின் பாதுகாப்பு அலுவலராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வுபெறும் அம்மையீர்! வணக்கம்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் ‘மீட்டரம்மா’. விலங்குகளிடமிருந்து எடுத்த மாதிரிகள் இருக்கும் உள்ளறையில், கிருமி வெளியேறாதிருக்க, காற்று எப்போதும் உள்நோக்கியே இழுக்கப்பட வேண்டும். இழுக்கிறதா என்று வாசலிலுள்ள அழுத்தமானியைக் காலைதோறும் பார்த்து, எங்கள் ஏழு பேரில் அன்றைய முறைக்காரர் கையெழுத்திட வேண்டும். முறைக்காரர் விடுப்பில் இருந்தால் அவருக்காக இன்னொருவர் போட்டுக்கொடுப்பதை நாங்கள் நட்பு என்று நினைத்தோம். மானியைப் பார்க்காமலே போட்ட நாட்களும் உண்டு.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. முதலில் படுத்தவர்களின் வீடுகள் நம் மதிலிலிருந்து நான்கே தெரு தள்ளி இருந்தன. ஊரெல்லாம் பிணம் விழுந்துகொண்டிருந்தபோது, நோயின் தோற்றுவாய் தேடி விசாரணைக் குழு வந்தது. பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் மட்டும் அதை எங்கள் விடுப்பு விண்ணப்பங்களோடு வரிவரியாக ஒப்பிட்டீர்கள். காய்ச்சலுக்குச் சற்று முன் ஒன்பது நாட்கள், வீட்டில் இருந்தவர்களின் கையெழுத்து இங்கே இருந்தது. இரண்டையும் கொண்டுபோய்க் குழுவின் மேசையில் வைத்தீர்கள்.

அதற்காக உங்களை நாங்கள் மன்னிக்கவில்லை. சொந்த வீட்டுக்கே கொள்ளி வைத்தவர் என்று ஏசினோம். சாப்பாட்டு மேசையில் நீங்கள் வந்து அமர்ந்தால் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தோம். நீங்கள் ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தீர்கள்:

“நம்ம கதவு வழியா அது வெளிய போகலன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா அப்படிச் சொல்றதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமே இல்லையே.”

எங்களில் ஏழாமவர், ஃப்ரீசர் அறைப் பொறுப்பாளர், அதே காய்ச்சலில் படுத்தார். மூச்சு வாங்க மருத்துவமனையிலிருந்து உங்களுக்குத்தான் போன் செய்தார். “அக்கா, அந்த ஒன்பது நாளும் எல்லாருக்கும் நான்தான் போட்டேன். மீட்டரை ஒரு நாள்கூடப் பாக்கல. எழுதிக்கோங்க.” அழுதுகொண்டே எழுதினீர்கள். ஆறாம் நாள் அவர் போய்விட்டார். நோய் கிளம்பிய இடம் காடா, சந்தையா, நம் உள்ளறையா என்று கண்டறிய இயலவில்லை என்று அறிக்கை முடிந்தது. அந்த ஒன்பது நாட்களின் அளவு எங்கும் இல்லை. பார்க்காமலே கையெழுத்திடும் வழக்கத்தால் அதை இல்லாமல் செய்தவர்கள் நாங்கள்.

அதன்பின் அழுத்தத்தைக் கருவியே பதியச் செய்தீர்கள். அதையும் இருவர் நேரில் பார்க்க வைத்தீர்கள். தவறைத் தானே வந்து சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது என்று மேலிடத்தோடு மூன்றாண்டு மல்லுக்கட்டி வென்றீர்கள். சென்ற மாதம் கையுறை கிழிந்த ஊழியர் ஒருவர், கிழிந்த நிமிடமே அபாயமணியை அழுத்தினார். பத்தாண்டுக்கு முன் நாங்கள் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு போயிருப்போம்.

அம்மையீர்! உடல் நோகாமல், உறக்கம் கெடாமல் நெடுங்காலம் வாழுங்கள்! என்றாவது விடை கிடைத்தால், அது எங்களைக் குற்றவாளிகள் என்றாலும், கேட்பதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

இம்மடலை ஒவ்வொருவரும் முழுவதும் படித்த பிறகே, நேரம் குறித்து, அவரவர் கையாலேயே கையெழுத்திட்டுள்ளோம். ஏழாவது இடம் காலியாக இருக்கிறது. அவருக்காக யாரும் போடவில்லை.

இங்ஙனம்,
உள்ளறைப் பணியாளர்கள் அறுவர்