இம்மானுவேல் அண்ணாச்சியின் நிம்மதியான நித்திரை

டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிற போலீஸ் ஸ்டேஷன் போர்டில் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். வெளியில் கொடுத்துச் செய்த வேலை என்று பார்த்தவுடனே தெரிகிறது. அதைச் சொல்ல நான் வரவில்லை. நடந்ததைச் சொல்லு என்றீர்கள், சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுருளிராஜன். போடி பஜாரில் இருக்கிற நிம்மதி மெத்தைக் கடையின் டிசைனர். முதலாளி இம்மானுவேல் அண்ணாச்சி. அவர் அப்பா இலவம்பஞ்சு வியாபாரத்தில் இருந்து, அண்ணாச்சி பிறந்த வருஷம் இந்தக் கடையைத் தொடங்கினார். மாடியில் தலையணைகள் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தனி அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி. கடைப் பை முதல் ரோட்டோர போர்டு வரைக்கும் எல்லாம் அந்த அறையில்தான் பிறந்தன.

என் போர்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேகமலைக்கு மேலே ஒரு மெத்தை பறக்கும். மூலைக்கு ஒரு புறா. நடுவில் முதலாளி, அவர் தலைக்குப் பின்னால் சூரியக் கதிர்கள். எழுத்து மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, சிவப்பைச் சுற்றி வெள்ளை. அதற்குப் பிறகும் இடம் மிச்சம் இருந்தால் ரோஜாப்பூ வைப்பேன். இடத்தைச் சும்மா போட்டு வைப்பது எனக்குப் பிடிக்காது.

முதலாளியின் மகள் பிரின்சி பெங்களூரில் படித்துவிட்டு வந்தாள். நல்ல பிள்ளை. வந்த வாரமே அப்பாவிடம் சொன்னாள்: "அப்பா, டிசைன் வேலையை வெளிய குடுத்துரலாம்ப்பா. நம்ம போர்டப் பாத்தா தல சுத்துது."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏலே சுருளி, நீ என்ன சொல்ற?"

"நீங்க சொன்னாச் சரி முதலாளி."

"பழனிசெட்டிபட்டியில புதுக்கடை தொறக்குறோம்ல. அதுக்கு மட்டும் வெளிய குடுத்துப் பாப்போம். நல்லா எடுத்துச்சுன்னா இனிமே அவுகளே பாக்கட்டும். நீ கீழ பில் போட உக்காந்துக்க."

அன்று சாயங்காலமே பிரின்சி டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் அறையை அளந்தாள். தலையணை மாதிரிகளை அங்கே அடுக்கப் போவதாகச் சொன்னாள். நான் அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "கொஞ்சம் கால மட்டும் தூக்கிக்கங்கண்ணே" என்றாள். தூக்கிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

பிரின்சி ஏற்பாடு செய்த பெங்களூர் டிசைனர் பெயர் சூரியபிரகாஷ். போனில் முகம் காட்டித்தான் பேசுவார். தமிழ் பேச வரும், எழுத வராது. அவர் அனுப்பிய டிசைனில் போர்டு முழுக்கக் கருப்பு. இடது பக்கத்தில் கருப்பு வெள்ளையில் முதலாளி ஒரு மெத்தையில் படுத்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது, கை இரண்டும் நெஞ்சின் மேல் இருக்கிறது, பக்கத்தில் ஒற்றை வெள்ளைப் பூ. மிச்சம் அத்தனையும் காலி.

"இங்கன ஏன் சார் காலியாக் கெடக்கு?" என்று கேட்டேன்.

"காலியா இருக்கிறதுதான் டிசைனே" என்றார்.

பிரின்சி கண் கலங்கிப்போய் "எவ்வளவு அமைதியா இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதலாளி அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

தமிழில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், ஒரு ஒற்றெழுத்துக்கூடத் தப்பில்லை. பிழை இல்லை என்று பதில் அனுப்பினேன். இதுவரைக்கும் நான் செய்ததில் குற்றம் எங்கே என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தத் தமிழும் என்னுடையதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். சூரியபிரகாஷ் வாசகங்களை ஆங்கிலத்தில் அனுப்பித் தமிழாக்கச் சொல்லியிருந்தார். இனி நன்றாகத் தூங்கலாம் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. தூக்கம் என்று போட்டிருக்கலாம், உறக்கம் என்றும் போட்டிருக்கலாம். நான் 'இனி நிம்மதியான நித்திரை' என்று போட்டேன். அகராதியைப் பாருங்கள், சரியாகத்தான் இருக்கும். எங்கள் பஜாரில் முதலாளி வீட்டைப் போல வேதக்காரக் குடும்பங்களில் யாராவது காலமானால் போஸ்டரில் 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்' என்று போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சூரியபிரகாஷுக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

அடுத்தது, 1968 முதல் என்று ஒரு வரி. அதற்கு நான் 'தோற்றம்: 1968' என்று எழுதினேன். கடை அந்த வருஷம்தானே தோன்றியது. அதற்கு நேர் எதிரே, வலது பக்கத்தில், திறப்பு விழாத் தேதியை மட்டும் மொட்டையாகப் போட வேண்டும் என்று சூரியபிரகாஷே சொல்லிவிட்டார். என்ன தேதி என்று ஜனங்கள் யோசிப்பார்களாம். யோசிக்கத்தான் செய்தார்கள்.

திறப்பு வியாழக்கிழமை சாயங்காலம். போர்டுகளை அன்று காலையில்தான் ஏற்ற வேண்டும், அப்போதுதான் ஊர் திடுக்கிடும் என்று சூரியபிரகாஷ் சொல்லியிருந்தார். போடியில் இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் ரோட்டோரமெல்லாம் ஏற்றினார்கள். முதலாளி அன்று விடியும்போதே கம்பம் வழியாக மலைக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவுக்கு மெத்தை இறக்க ஜீப்பில் போய்விட்டார். அங்கே போன் எடுக்காது. இதுவும் எனக்குத் தெரியும்.

பஜாரில் முதலில் பாத்திரக் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கினார். அவரைப் பார்த்து அடுத்த கடை, அதைப் பார்த்து அதற்கடுத்த கடை. புதுக்கடை வாசலில் திறப்பு விழாவுக்கென்று பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தோம். சாவு வீட்டுக்கும் அதே பந்தல்தான், அதே நாற்காலிகள்தான். வந்தவர்கள் எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்களும் ரோஜா மாலையோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தீர்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். எனக்கு உங்கள் மேல் அன்றைக்கே மரியாதை வந்துவிட்டது.

முதலாளியின் சம்சாரம் அன்னத்தாய் அம்மா ஆட்டோவில் வந்தார். வழியெல்லாம் புருஷன் கண்ணை மூடிப் படுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். இறங்கியதும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் சொன்னாகளே, எனக்கு ஒரு வார்த்த சொன்னாகளா ஆத்தா" என்று கேட்டு அழுதார். பிரின்சி ஓடிவந்து, "அம்மா, அது விளம்பரம்மா" என்றாள். அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அந்த அம்மா அழுதது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அப்போது வர்த்தகர் சங்கச் செயலாளர் ராஜமணி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "சுருளி, சங்கத்து சார்பா அஞ்சலி போஸ்டர் போடணும்ப்பா. அண்ணாச்சி நல்ல படம் ஒண்ணு வேணும். இந்நேரம் யாரு செஞ்சு குடுப்பா?"

"இருக்குண்ணே" என்று போஸ்டர் கட்டையே பிரித்துக் கொடுத்தேன்.

நீங்கள் கேட்டது இதைத்தான். போர்டு ஏறிய காலையிலேயே அஞ்சலி போஸ்டர் எப்படிக் கட்டுக்கட்டாகத் தயாராக இருந்தது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அதை நான் முன்கூட்டியே தேனியில் ஒரு அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். அச்சகத்துக்காரர் படத்தைப் பார்த்துப் பதறி, "அடடா, அண்ணாச்சி எப்பத் தவறுனாக?" என்றார். வியாழக்கிழமை என்றேன். அவர் கேட்டது செவ்வாய்க்கிழமை. "சரி, அதுக்குள்ள முடிச்சுத் தந்துர்றேன்" என்றார். மனசார வருத்தப்பட்டார், பாவம்.

அந்த போஸ்டரை நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும் சார். என் வாழ்நாளில் செய்ததிலேயே அதுதான் உச்சம். மேகமலை, அதன் மேலே திறந்த வானம், அதற்குள் போகிற மெத்தை, மெத்தையில் சிரித்தபடி முதலாளி. புறா எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினேன். எங்கும் காலி இடமே இல்லை.

மத்தியானம் முதலாளி திரும்பினார். கம்பத்தில் டீ குடிக்க இறங்கியிருக்கிறார். அந்த டீக்கடைக்காரர் காலையில் போடிக்குச் சரக்கெடுக்கப் போய் போர்டைப் பார்த்திருந்தவர். காசும் வாங்காமல், கிட்டேயும் வராமல், கிளாஸைத் தூரத்தில் வைத்து நகர்த்திவிட்டாராம். முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்தலுக்குள் அவர் நுழைந்ததும் ராஜமணி நாற்காலியோடு மல்லாக்க விழுந்தார். உங்கள் தொப்பியும் விழுந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

முதலாளி யாரையும் திட்டவில்லை. மேலே கருப்பு போர்டைப் பார்த்தார். பிறகு சுவரில் ஈரம் காயாமல் இருந்த என் போஸ்டர் முன்னால் போய் நின்றார். அன்னத்தாய் அம்மா அவர் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, இத யாரு செஞ்சது?" என்றார்.

"நாந்தான் முதலாளி."

"இதுலதான்டா எனக்கு உசுரு இருக்கு. பிரின்சி, அந்தப் பெங்களூர்க்காரன நிப்பாட்டிரு."

வெளியில் கொடுப்பதா, உள்ளேயே வைத்துக்கொள்வதா என்ற கேள்வி அதோடு முடிந்தது. என் அறை எனக்கே கிடைத்தது. நீங்கள் கொண்டுவந்த மாலையைப் போட்டுக்கொண்டுதான் முதலாளி ரிப்பன் வெட்டினார். பிரின்சிதான் பிறகு அச்சகத்தில் விசாரித்து உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். படித்த பிள்ளை, எதையும் விசாரிக்கும்.

என் கம்ப்யூட்டரில் அன்னத்தாய் அம்மா படத்தோடும் பிரின்சி படத்தோடும் அதே மாதிரி இரண்டு போஸ்டர் இருந்ததாகச் சொன்னீர்கள். இருக்கிறது சார். தேதி மட்டும்தான் போட வேண்டும். கடைக்குள்ளேயே ஒரு டிசைனர் இருந்தால் இதுதான் வசதி, கடைசி நேரத்தில் யாரும் அலைய வேண்டாம். அன்றைக்கு உங்களையும் மூன்றாவது வரிசையில் வைத்து ஒரு படம் எடுத்தேன். தொப்பி இல்லாமல் லட்சணமாக இருக்கிறீர்கள்.

எல்லாம் நான் செய்ததுதான், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். முதலாளி மேல் எனக்கு வன்மம் என்று பிரின்சி எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். வன்மம் இருந்திருந்தால் நானும் கருப்பு வெள்ளையில் போட்டிருப்பேன். மல்டிகலரில் அல்லவா சார் போட்டேன்.