சமையலறைச் சுவரில் ஒரு துவாரம்

ஈரத் தலையோடு வெளியே போவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அல்பேனியாவில் எங்கள் ஊரில் யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே, இத்தாலியில், இந்தத் தூரின் நகரத்தில் அது ஏறக்குறையத் தற்கொலை முயற்சி. சின்யோரா எர்சிலியா வீட்டில் நான் வாடகைக்கு இருந்த காலம் முழுக்க, குளித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாலே சமையலறையிலிருந்து குரல் வரும்.

"லிந்தா, தலையைக் காயவெச்சுட்டுப் போடி. கழுத்துல காத்து பட்டா அவ்வளவுதான், ஆயுசுக்கும் திருப்ப முடியாது."

என் பெயர் லிந்திதா. அதைச் சுருக்கியது அவர்தான். சின்யோரா கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் கோழிச் சாற்றில் பொடி பாஸ்தா போட்டுக் கொண்டுவந்து, முழுவதும் குடித்து முடிக்கும்வரை கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரே எதிரி காற்று. எனக்கோ சன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. இதற்காக நாங்கள் போட்ட சண்டைகளை மேல்மாடிக்காரர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

வெந்நீருக்கும் வீட்டுச் சூட்டுக்குமான எரிவாயு பாய்லர் அவருடைய சமையலறையில் இருந்தது. வருடா வருடம் அதைச் சோதிக்க வரும் தூல்யோ, போன இலையுதிர்காலத்தில் வந்தபோது, சுவரின் அடியில் இருந்த காற்றுத் துவாரத்திலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை உருவி எடுத்தார்.

"சின்யோரா, இது என்ன?"

"காலுறை."

"அது தெரியுது. சுவத்துக்குக் கால் எங்க இருக்குன்னுதான் கேக்கறேன்."

"குளிர் உள்ள வருது தூல்யோ. என் கணுக்காலு விறைச்சுப் போகுது."

தூல்யோ என் பக்கம் திரும்பினார். "நீ இதைத்தானே படிக்கிறே? புகைபோக்கி வேற சரியா இழுக்கல. நான் சொன்னா இவங்க காதுல போட்டுக்க மாட்டாங்க. நீ சொல்லு."

நான் இங்கே எரிசக்திப் பொறியியல் படிக்கிறேன். அதனால் ஆற அமர உட்கார்ந்து சொன்னேன். எரிவதற்குக் காற்று வேண்டும், போதாவிட்டால் விஷவாயு வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, முதலில் தலைவலி, பிறகு தூக்கம், பிறகு ஒன்றுமில்லை என்றேன். சின்யோரா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து துவாரம் திறந்தே இருந்தது. இதைத்தான் தெளிவுபடுத்த வந்தேன். தெருவில் எல்லோரும், ஏன், தூல்யோவும்கூட, "எவ்வளவோ சொன்னோம், பிடிவாதம் பிடிச்ச கிழவி, மறுபடியும் அடைச்சுக்கிட்டா" என்கிறார்கள். அது அநியாயம். அவர் பயந்தார், கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தத் துவாரத்தின் பக்கமே அவர் போகவில்லை.

குளிர்காலம் வந்தது. சமையலறையில் உட்கார முடியவில்லை என்று தினமும் புலம்பல். கழுத்தில் சால்வை, அதன் மேல் இன்னொரு சால்வை, மடியில் வெந்நீர்ப் பை. கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"லிந்தா, தப்பா நெனச்சுக்காத கண்ணு. இந்த வீட்டுலயே காத்து வராத ரூம் உன்னோடதுதான். நான் டிவியை இங்க போட்டு உக்காந்துக்கறேன். நீ வேற இடம் பாத்துக்கோ. பிப்ரவரில கார்னிவல் திருவிழா வரைக்கும் இரு, அவசரமில்ல."

நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வெப்பவியல் வாய்மொழித் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். கார்னிவலுக்கு முந்தைய வாரம் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் உதவித்தொகை நின்றுவிடும். முகவரி இல்லாவிட்டால் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். இரண்டில் எது நடந்தாலும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் உட்கார்ந்து படித்திருக்க வேண்டிய நேரத்தில் தொலைபேசியில் அறைக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ரூம் இருக்கும்மா, வந்து பாரு. பேரு என்ன சொன்னே? எந்த ஊரு? அடடா, இப்பத்தான் ஒருத்தர் எடுத்துட்டாங்க."

அந்த வீட்டுக்காரனே மறுநாளும் அதே அறைக்கு விளம்பரம் போட்டிருந்தான். யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் காலுறை சுவரிலேயே இருந்திருக்கும், சமையலறை கதகதப்பாக இருந்திருக்கும், என் அறையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னதற்குத்தான் எனக்கு அறை போனது. அந்தக் கோபம் இப்போதும் ஆறவில்லை.

ஆகவே, அவர் மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில், காலுறையைத் திரும்ப வைத்தேன். அவர் செருகியதைவிட உள்ளே தள்ளி வைத்தேன், குனிந்து பார்த்தாலும் தெரியாது. சமையலறைக் குளிரைக் குறைப்பதுதான் என் நோக்கம்.

குறைந்தது. இரண்டு நாளில் ஒரு சால்வை கழன்றது.

"இன்னிக்கு இதமா இருக்கே லிந்தா, கவனிச்சியா?"

"காத்து திசை மாறிடுச்சு சின்யோரா."

"மலையிலேர்ந்து வர்ற காத்து நின்னிருக்கும். சரி, நீ எங்கயும் போக வேணாம். டிவி இங்கயே இருக்கட்டும். உன்னை அனுப்பிட்டு யாரோட சண்டை போடறது நான்?"

என் அறை எனக்குக் கிடைத்துவிட்டது. அப்போதே காலுறையை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்தால் மறுபடியும் குளிரும், மறுபடியும் என் அறையைக் கேட்பார். தேர்வு முடியட்டும், எடுத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பிறகு அவருக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. இந்த ஊரில் தலைவலி வந்தால் தலையை யாரும் சந்தேகிப்பதில்லை, கழுத்தைத்தான் சந்தேகிப்பார்கள். சின்யோராவும் அப்படித்தான்.

"எங்கயோ காத்து நுழையுது. என் கழுத்துக்குத் தெரியும்."

சன்னல் இடுக்குகளில் எல்லாம் ஒட்டுத்தாள் ஒட்டினார். கதவடியில் துணியைச் சுருட்டி வைத்தார். ஒட்டுத்தாளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், பிடித்துக்கொண்டேன். வலி அதிகமாக ஆக, இன்னும் இறுக்கமாக அடைத்தார். நான் என் அறையில் சன்னலைத் திறந்து வைத்துப் படித்தேன். அந்த நாட்களில் காலைக் காபியைக்கூட வீட்டில் குடிக்கவில்லை, தெருமுனைக் கடையில் குடித்தேன். சமையலறைக்குள் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

தேர்வு நாள் காலையில் அவர் மேசையில் கை வைத்து, கையில் தலை வைத்து உட்கார்ந்திருந்தார். கன்னம் இரண்டும் சிவந்து, பார்க்க ஆரோக்கியமாகத்தான் தெரிந்தார். அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்பது பாடத்தில் இருக்கிறது. காபிப் பாத்திரம் அடுப்பில் வைக்கப்பட்டு, பற்றவைக்க மறந்து கிடந்தது.

"தேர்வுக்குக் கிளம்பிட்டியா?" என்றார். நாக்கு குழறியது. "ஓநாய் வாய்க்குள்ள போயிட்டு வா கண்ணு."

தேர்வுக்குப் போகிறவரை இங்கே அப்படித்தான் வாழ்த்துவார்கள். நல்லபடியாகச் செய் என்று சொன்னால் அபசகுனம். அந்த ஓநாயைப் பற்றி நாம் சொல்ல வேண்டிய பதிலும் உண்டு.

"சாகட்டும்" என்றேன். வழக்கம் அது.

"கதவை நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போ. காத்து வருது."

சாத்தினேன். துணிச் சுருள் விலகியிருந்தது. வெளிப் பக்கத்திலிருந்து காலால் தள்ளிச் சரிசெய்தேன்.

கல்லூரியில் என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்குப் பதற்றமே இல்லை. போன இரண்டு முறையும் நாக்கு ஒட்டிக்கொண்டது, இந்த முறை இல்லை. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அரைகுறையா எரியறதைப் பத்திச் சொல்லு. புத்தகத்தை ஒப்பிக்காத. ஒரு வீட்டை எடுத்துக்கோ."

ஒரு சமையலறையை எடுத்துக்கொண்டேன். அதன் அளவு, பாய்லரின் திறன், சரியாக இழுக்காத புகைபோக்கி, அடைத்த துவாரம், ஒட்டுத்தாள் ஒட்டிய சன்னல் எல்லாம் சொன்னேன். வாயு எவ்வளவு வேகமாகச் சேரும் என்று பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்கு. உள்ள ஒரு ஆள் மேசையில சாஞ்சு கெடக்கறாரு. இன்னும் மூச்சு இருக்கு. முதல்ல என்ன செய்வே?"

"கதவு சன்னலைத் தொறப்பேன். ஆளை வெளிய இழுத்துட்டு வருவேன். அப்புறம் எரிவாயுவை மூடிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன்."

"நேரம் இருக்குமா?"

பலகையைப் பார்த்தேன். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இருக்கும்" என்றேன்.

முழு மதிப்பெண் கொடுத்தார். எழுந்து நின்று கை குலுக்கினார். வெளியே வந்ததும் கூடப் படிக்கும் நிவெஸ் என்னைக் கட்டிப்பிடித்து, கொண்டாடியே ஆக வேண்டும் என்று கடைக்கு இழுத்துப் போனாள். கைபேசி என் கையிலேயேதான் இருந்தது. இரண்டாவது காபியும் வாங்கிக் குடித்தோம். நிறைய சிரித்தோம். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்கு மனம் லேசாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

சின்யோரா இறந்தது இப்படித்தான். காலுறையை வைத்தது நான், கதவைச் சாத்தியது நான், நேரம் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் வெளியே நிவெஸ் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் அந்த மதிப்பெண்ணுக்குத் தகுதியில்லாதவள் என்று உங்கள் காவலரிடம் சொன்னாளாம். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது ஐயா. அன்றைக்கு நான் சொன்ன பதிலில் ஒரு பிழைகூட இல்லை. வேண்டுமானால் பேராசிரியரையே கேட்டுப் பாருங்கள்.