இடது முன் சக்கரம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் கடையில் கூட்டம் இருக்காது, சார். மன்னார்புரத்தில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆள் வருவது சனி, ஞாயிறில்தான். பூவரசன் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

மருந்துக் கம்பெனி ரெப். தில்லை நகர், புத்தூர் ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களைப் பார்க்கிற வேலை. ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு, மனைவி பெயர் கனிஷ்கா. செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு அகலமான அலாய் வீல் வேண்டும், டயர் மட்கார்டுக்கு வெளியே தெரிய வேண்டும் என்றான். அப்படித் தெரிய வேண்டுமென்றால் வீலுக்கு உள்பக்கம் ஸ்பேசர் என்று ஒரு வளையம் வைத்து, வீலை வெளியே தள்ள வேண்டும்.

நான் அவனிடம் எதையும் மறைக்கவில்லை. "தம்பி, இப்படி நீட்டிக்கிட்டு இருந்தா ஆர்.டி.ஓ. ஒத்துக்க மாட்டாங்க. இன்சூரன்ஸ்லயும் சொல்லணும். சொல்லாம போட்டு எங்கயாவது அடிபட்டா கிளெய்ம் நிக்காது" என்றேன்.

"சொன்னா ஏத்துக்குவாங்களாண்ணே?"

"ஸ்பேசரை ஏத்துக்க மாட்டாங்க."

"அப்ப சொல்ல வேணாம், விடுங்க" என்று சிரித்தான்.

வேலை முடிய மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பழைய டயர் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். நடுவில், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டான். என் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கிடையாது. பாலக்கரையில் என் வீட்டுக்குக் கேபிள்காரனைத் தவிர யாரும் வருவதில்லை.

கழற்றிய கம்பெனி வீல் நான்கையும் கடையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். இன்சூரன்ஸ்காரன் காரைப் பார்க்க வேண்டும் என்றாலோ, ரோட்டில் போலீஸ் பிடித்தாலோ இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் இல்லையா? அவனுக்கும் அது வசதி.

அடுத்த மாதம் ஸ்டியரிங் ஆடுகிறது என்று வந்தான். ஆடத்தான் செய்யும். பேலன்ஸ் செய்யும்போது ஒட்ட வேண்டிய ஈயத் துண்டு ஒன்றை நான் ஒட்டவில்லை. அதனால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, வேகம் போனால் கை லேசாக நடுங்கும், அவ்வளவுதான். ஒட்டிக் கொடுத்தேன், வேறு ஒரு வீலில் ஒன்றை எடுத்துவிட்டேன். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து டீ சொல்வான். கனிஷ்கா கொடுத்துவிட்ட புளியோதரையை இரண்டு பேரும் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

போன ஆவணியில் வந்து, "அண்ணே, கனிஷ்கா பயப்படுறா. அடுத்த வாரம் பாலிசி ரெனியூவல். பழைய வீலையே போட்டுக் கொடுத்துடுங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்றான்.

தொந்தரவு என்ற வார்த்தையைச் சொன்னான், சார். பழைய டயரில் காற்று நிற்கவில்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள், இப்போதைக்கு முன் சக்கரத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றேன். டயரில் காற்று நன்றாகத்தான் இருந்தது.

இடது முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். நட்டுகளைக் கையால் முறுக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். ஸ்பேனர் போடவில்லை.

நான் போட்ட கணக்கு இதுதான். காவிரிப் பாலம் போவதற்குள் கடகடவென்று சத்தம் வரும், ஓரம் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்வான், நான் ஸ்கூட்டரில் போய் முறுக்கிக் கொடுப்பேன். தனியாக நிற்கிறவனுக்கு உதவிக்கு ஓர் ஆள் வந்தால், அந்த ஆளை அவன் லேசில் விட்டுவிட மாட்டான். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, செல்போனைக் கையில் வைத்தபடி காத்திருந்தேன்.

அவன் ஸ்ரீரங்கத்துக்குப் போகவில்லை. சமயபுரத்தில் ஒரு டாக்டரைப் பார்க்க பைபாஸ் பிடித்திருக்கிறான். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். கொள்ளிடம் பாலத்தில் சக்கரம் தனியாகப் போய்விட்டது. பின்னால் லாரி.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். மட்கார்டுக்கு வெளியே டயர், உள்ளே ஸ்பேசர், எதையும் தெரிவிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். அனுமதியில்லாத வீல் என்றதும் எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு கனிஷ்கா வர ஆரம்பித்தாள். பழைய வீலைத் திரும்பப் போடச் சொல்லித்தான் அவர் வந்தார் என்று நான் ஒரு கடிதம் கொடுத்தால், மேல்முறையீட்டில் சேர்க்கலாம் என்று வக்கீல் சொன்னாராம். ஐந்து நிமிஷ வேலை. நான் அடுத்த வாரம் வரச் சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொன்னேன். நாற்காலியைத் துடைத்துப் போடுவேன். உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசுவாள், சில நாள் அழுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு மாதம் அப்படிப் போனது. எனக்கு நிம்மதியான நாட்கள்.

நேற்று வந்தவள் உட்காரவில்லை. "கடிதம் வேணாம்ணே, கேஸை விட்டுடுறேன். ஊருக்குப் போயி அம்மாகூட இருக்கப் போறேன். இனிமே வர மாட்டேன்" என்றாள்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். விபத்துக்குக் காரணம் வீல் இல்லை, நான்தான் என்று ஆகிவிட்டால் கிளெய்மை மறுபடி எடுத்துத்தானே ஆக வேண்டும்? அவள் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும். நானும் அங்கே இருப்பேன்.

பூவரசனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஜெயிலில் ஆட்களைப் பார்க்க எந்தக் கிழமை விடுவார்கள் என்று மட்டும் கனிஷ்காவிடம் சொல்லிவிடுங்கள், சார். பாவம், அவளுக்குப் பேச வேறு ஆள் இல்லை.