மொட்டுக்கு எதுக்குடி பவுடர்?

நாகூரிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும். அரைத்தூக்கத்தில் இருந்த நான், தங்கை சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நம்ம மாமரம் மொட்டு விட்டிருக்குல்ல லாத்தா, அத போட்டோ எடுக்க விடிஞ்சதும் பவுடர் போட்டுக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு."

"மொட்டுக்கு எதுக்குடி பவுடர்?"

"மொட்டுக்கு இல்ல, எனக்கு. துபாய்ல இருந்துகிட்டு அவங்க தெனமும் போட்டோ கேக்குறாங்க. ஃபிளாஷ் போடக்கூடாதாம், காலை வெயில்லதான் எடுக்கணுமாம். வெயிலுக்கு எதிரா புடிச்சா மொட்டு கருப்பா விழுது. அதான் நானே கிளையப் புடிச்சுகிட்டு, வெயிலப் பாத்து நின்னு செல்ஃபியா எடுத்துடுறேன்."

அக்கா போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"பூரா உன் மூஞ்சிதான் இருக்கு. மொட்டு ஓரத்துல மங்கலா கெடக்கு. மாப்புள திட்டலையா?"

"நாளைக்கும் இதே மாதிரி எடுன்னாங்க."

"நல்லா எடுத்தே போ! மாங்கா காய்க்கிறப்ப லீவுல வர்றேன்னாரே, அதாச்சும் நெசமா?"

"அது மாறிப்போச்சு லாத்தா."

அக்காவின் முகம் வாடிவிட்டது. தங்கை போனைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பூ உதிர்றதுக்குள்ள வந்துர்றேங்கிறாங்க."