போட்டோவில் ஒப்புட்டு வாசம்

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு வாத்தியாரும் ஒரு டீச்சரம்மாவும் பேசிக்கொண்டு வந்தார்கள். வாத்தியாருக்குக் கண் தெரியாது. எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும், காது நன்றாகவே கேட்கும். அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் கம்ப்யூட்டர், இங்கிலீஷில் எழுதியிருப்பதைச் சத்தமாக வாசிக்குமாம். படமென்றால் வாயே திறக்காதாம். அதனால் எந்தப் படத்துக்கெல்லாம் விவரம் எழுதிப் போடுவது என்பதுதான் பேச்சு.

“பாடத்துல வர்ற படத்துக்கெல்லாம் எழுதிப்போடறேனுங்க சார். ஆண்டு விழா போட்டோவ உட்டுரலாமுங்க. அது சும்மா பாக்கறதுக்குத்தானுங்களே.”

“அதுல நானும் நிக்கறேனுங்க அம்மணி. எப்படி நிக்கறேன்னு என்னையத் தவிர பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.”

பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்த டீச்சரம்மா சிரித்துவிட்டார்.

“எல்லாரும் கேமராவப் பாக்கறாங்க. நீங்க மட்டும் சமையல் பந்தலப் பாத்துத் திரும்பி நிக்கறீங்க சார்.”

“பின்ன என்னங்க, பருப்பும் வெல்லமும் வெச்சு ஒப்புட்டு சுடற வாசம் அங்கிருந்துதானுங்களே வந்துச்சு.”

“இதையுமா எழுதறதுங்க?”

“அதைத்தானுங்க மொதல்ல எழுதோணும்.”

“சரிங்க, எழுதிப்போடறேன். ஒப்புட்டுக்கு இங்கிலீஷ்ல என்னங்க சார்?”

“ஒப்புட்டுன்னே போடுங்க அம்மணி. கம்ப்யூட்டரும் சொல்லிப் பழகட்டும்.”