சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டாம்

நான் கொண்டுவந்த வண்டியை ஏட்டையா மேசைமேல் வைத்துவிடட்டும். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முன் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டாம், அவ்வளவுதான். மற்றதை உங்களிடம் நிதானமாகச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் மச்சான் கோதண்டராமன் கரண்ட் அடித்துச் செத்தான். வண்டியில் ஏதோ கோளாறு என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அந்த வரியை அடித்துவிடச் சொல்லத்தான் நானே நடந்து ஸ்டேஷனுக்கு வந்தேன். என் வண்டியில் கோளாறு கிடையாது.

என் பேர் பாவாடை. செஞ்சிக்கு அடுத்த வல்லம் பக்கம் கல் உடைக்கிற குடும்பம். நடக்கத் தெரிந்ததிலிருந்து ஜல்லி பொறுக்கினேன். சவுதிக்குப் போய் அங்கேயும் பாறைதான் துளைத்தேன். எண்பத்தாறில் திரும்பும்போது கூட வந்தவர்கள் டேப்ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். நான் ரிமோட்டில் ஓடுகிற இந்தப் பந்தய வண்டியைக் கொண்டுவந்தேன். செஞ்சி ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். கல் உடைத்த கை விளையாடக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

இதன் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. சர்வோ என்பார்கள். நான் இங்கே ரிமோட்டைத் திருகினால் அங்கே அது முன் சக்கரத்தைத் திருப்பும். உள்ளே இருப்பதெல்லாம் பொடிப் பொடிப் பிளாஸ்டிக் பற்கள். சக்கரம் கல்லில் மோதினால் அந்த அடி பல்லுக்குப் போகாமலிருக்க நடுவில் ஒரு ஸ்பிரிங். அடி வந்தால் வளைந்து கொடுக்கும், பிறகு திரும்பி வந்துவிடும். எவ்வளவு வளையலாம் என்பதற்கு ஒரு நட்டு.

கோதண்டத்துக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கெட்டவன் இல்லை. கைதான் சும்மா இருக்காது. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வண்டியைத் தூக்கிக் காட்டுவான். சக்கரத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்குவான்.

"கையால திருப்பாதடா மச்சான், உள்ள பல்லு பூடும்."

"சைக்கிள் வாங்கினா ஹேண்டில்பார திருப்பிப் பாக்கறதில்ல மாமா? இது இன்னா, மேல்மலையனூரு தேரா, தொடக் கூடாதுன்றதுக்கு?"

ஒரு நாள் காய்ந்த ஏரியில் ஓட்டும்போது சக்கரம் திரும்பவில்லை. பிரித்துப் பார்த்தேன். பல் உதிர்ந்து கிடந்தது. கையில் இருந்த மாற்று சர்வோ ஒன்றே ஒன்று. அதை மாட்டினேன். பாண்டிச்சேரியிலிருந்து வசதியுள்ளவர்கள் தங்கள் வண்டிகளோடு பந்தயத்துக்கு வருவதாக இருந்தது. அவர்கள் வண்டிகளுக்கு முன்னால் என் வண்டி போக வேண்டும். அதற்குமேல் நான் இந்த உலகத்தில் எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே கோதண்டம் மறுபடி முறுக்கினான். கை ஓங்கினேன். அவன் அக்கா மங்கை, என் சம்சாரம், நடுவில் வந்தாள்.

"பொம்ம காருக்கு இன்னாய்யா இம்மாங் கோவம்? கொஞ்சம் வளைஞ்சி குடுத்தா கொறைஞ்சா பூடுவ?"

வளைந்து கொடுத்தேன். அடிக்கவில்லை, கத்தவில்லை.

வண்டியின் உடம்பு அலுமினியம். சார்ஜ் ஏற்றுகிற பெட்டியில் ஒரு சின்ன வேலை செய்தேன். முன்பக்கத்தைத் தொட்டால் கை உதறும், உதறினால் புத்தி வரும். அவ்வளவுதான் எண்ணம் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மங்கையும் நம்புவாள்.

ஆனால் நான் அதை வெள்ளிக்கிழமை வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மங்கை வீடு கழுவுவாள். தரை முழுக்க ஈரம் நிற்கும். கோதண்டம் வெறுங்காலோடு உள்ளே வருவான். ஈரத்தில் நிற்பவனைக் கரண்ட் என்ன செய்யும் என்பதைச் சவுதியில் கண்ணால் பார்த்தவன் நான். மங்கையிடம் வண்டியைத் தொடாதே என்று சொல்லியிருந்தேன். அவள் சொன்னால் கேட்பவள். சார்ஜ் போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீ சொன்னேன். ஆள் ஓடிவந்து கூப்பிட்டபோது கிளாசில் பாதி இருந்தது. குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வீட்டுக்குப் போய் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன், பெட்டியைச் சரிசெய்தேன். பிறகுதான் அழுதேன்.

கொன்றது நான். வண்டி இல்லை. அப்படியே எழுதுங்கள்.

சாவு வீடு என்று பாண்டிச்சேரிக்காரர்கள் வராமல் நின்றுவிட்டார்கள். கருமாதி முடிந்து சும்மா உட்கார்ந்திருந்தபோது வண்டியைப் பிரித்தேன். அந்த நட்டு கடைசிவரை இறுகியிருந்தது. வளைவில் மந்தமாகத் திரும்புகிறது என்று பல் உதிர்வதற்கு முன்னாலேயே ஏரியில் வைத்து நான்தான் இறுக்கினேன். ஸ்பேனர் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அப்படி இறுக்கினால் ஸ்பிரிங் வளையாது. ஒரு கூழாங்கல் போதும், பல் போய்விடும். கோதண்டத்தின் கை வேண்டியதில்லை. நட்டைத் தளர்த்தி வைத்தேன்.

அதோ, ஏட்டையா திருப்பிவிட்டார். பார்த்தீர்களா, வளைந்து கொடுத்தது, திரும்பி வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. இனி யார் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது.

இருந்தாலும் நான் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா. ஏட்டையா பேர் என்ன?